புங்கமரத்தடி நடமாடும் வியாபாரி

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள் சார். நான் இந்தப் பக்கம் இருந்துகொள்கிறேன். அந்தத் துண்டா? என்னுடையது இல்லை. எவனோ வெளியிலிருந்தே ஜன்னல் வழியாக வீசிவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருக்கிறான். அப்படித் தள்ளி வையுங்கள். எனக்கு இந்தத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற பழக்கமே ஆகாது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கிறேன், எந்தப் பஸ்ஸிலும் எந்தப் பந்தியிலும் நான் துண்டு போட்டதில்லை. கிடைத்தால் உட்காருவேன், கிடைக்காவிட்டால் நிற்பேன். இடம் என்பதே ஒரு தொந்தரவு.

அதற்காகத்தான் மாவட்ட ஆபீசுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன், மனு கொடுக்க. இடம் கேட்டு இல்லை. கொடுத்த இடம் வேண்டாம் என்று. சிரிக்காதீர்கள் சார். மனுவை டைப் அடித்துக் கொடுத்த ஜெராக்ஸ் கடைக்காரரும் இப்படித்தான் சிரித்தார்.

நான் குக்கர் ஆள். கோட்டைச்சாமி என்றால் செங்கடம்பூரில் பாதிப் பேருக்குத் தெரியாது, குக்கர்க்காரர் என்றால் எல்லோருக்கும் தெரியும். குக்கர் கேஸ்கட், விசில், வால்வு, கைப்பிடி, மிக்சி ஜாருக்கு ரப்பர், கேஸ் அடுப்புக்கு பர்னர். டி.வி.எஸ். வண்டிக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, கழுத்தில் மாலை மாதிரி கேஸ்கட் கொத்து. ஊர் ஊராகச் சுற்றுவேன். இது வாசலில் நடக்க வேண்டிய வியாபாரம் சார். உள்ளே அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்கும். ஓரத்தில் புஸ்ஸென்று ஆவி போகும், விசில் வராது. சரியாக அந்த நேரத்தில் தெருவில் என் குரல் கேட்க வேண்டும். அந்த அம்மா மூடியும் கையுமாக ஓடி வருவாள். யாராவது குக்கர் மூடியைத் தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறுவார்களா? மாட்டார்கள். துணியைச் சுற்றிக்கூட ஒரு மாதம் ஓட்டுவார்களே தவிர, ஏற மாட்டார்கள். நாம்தான் போக வேண்டும்.

மஸ்கட்டில் கற்றுக்கொண்ட தொழில். ஒரு பெரிய கேம்ப் சமையலறையில் ரிப்பேர் வேலை. பதினைந்து வருஷத்துக்கு மேல் இருந்தேன். அங்கே இரண்டடுக்குக் கட்டிலில் மேல்தட்டு எனக்கு. அதற்கு முன்னால் மூணாறுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். அப்பா அங்கே வேலை. அஞ்சாவது வரை தமிழ், அப்புறம் மலையாளம். இரண்டு மொழியிலும் விண்ணப்பம் எழுதத் தெரியும் எனக்கு. இரண்டு மொழியிலும் எழுதி ஒன்றும் கிடைத்ததில்லை.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தோட்டத்தில் வீடு தோட்டத்துடையது. அப்பா வேலை முடிந்து நின்ற மாதமே ஆபீசிலிருந்து ஒருவர் வந்து வாசலில் நின்றார். "என்ன சடையாண்டி, எப்ப காலி பண்றீங்க?" என்றார். தன்மையாகத்தான் கேட்டார், தப்பு சொல்லக் கூடாது. நான் பிறந்த வீடு அது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாதிச் சோற்றில் எழுந்து நின்றார். எழுந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் கேட்டது அன்றைக்கு எழுந்திருக்கச் சொல்லி இல்லை. ஆனாலும் எழுந்தார். இடம் கொடுக்கிறவனுக்கு எழுந்திரு என்று சொல்லவும் வாய் உண்டு சார். அன்றைக்கே முடிவு செய்தேன், யார் கொடுத்த இடத்திலும் உட்காருவதில்லை என்று.

செங்கடம்பூர் என் மனைவி ஊர். முருகேஸ்வரி. வீடுகூட அவள் அப்பா கொடுத்தது. மஸ்கட்டிலிருந்து வந்து ஒரு மாதம் வீட்டில் இருந்தேன். முடியவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் அது வேறு யாரோ வழக்கமாக உட்காருகிற நாற்காலியாக இருந்தது. மகள் விடுதியில் படிக்கிறாள். ரேஷன், பேங்க், கரண்ட் பில், எல்லாம் முருகேஸ்வரி தானே பார்த்துப் பழகிவிட்டாள். நான் குறுக்கே நிற்பானேன்? வண்டியை வாங்கினேன், கிளம்பிவிட்டேன். சில நாள் ராத்திரி திரும்ப முடியாது. எந்த ஊரில் இருட்டுகிறதோ அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் படுத்துக்கொள்வேன்.

முருகேஸ்வரி சொல்வாள், "மஸ்கட்ல இருந்தப்பவாச்சும் எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும்." நல்ல வேடிக்கையாகப் பேசுவாள் சார் அவள்.

பிரச்சினை எங்கே ஆரம்பித்தது என்றால் சந்தை நாளில். மார்க்கெட் தெருவில் நகராட்சி வண்டி வந்து நின்றது. சீருடை போட்ட ஒருவர் இறங்கினார்.

"அட்டை இருக்கா?"

"என்ன அட்டைண்ணே?"

"தெரு வியாபாரி அட்டை."

"நான் தெருவுல வியாபாரம் பண்ணலண்ணே. தெரு வழியா போறேன்."

"போறவன் என்னத்துக்கு நின்ன?"

"அந்தம்மா மூடியக் குடுத்துச்சு."

"ஓடிக்கிட்டே மாட்டிவிட வேண்டியதுதான?"

பெட்டியைத் தூக்கி லாரியில் போட்டுவிட்டார்கள். அந்த அம்மாவின் மூடியும் பெட்டிக்குள் போய்விட்டது. அவள் லாரிக்குப் பின்னால் கத்திக்கொண்டே ஓடுகிறாள்: "டேய், மூடி என்னுதுடா, மூடியக் குடுத்துட்டுப் போங்கடா!" என்னைவிட அவளுக்குத்தான் பயந்தார்கள். மூடியை அங்கேயே இறக்கிக் கொடுத்துவிட்டார்கள். பெட்டிக்கு நான் நடையாய் நடந்தேன். கடைசியில் கொடுத்தார்கள். ஆனால் அட்டை இல்லாமல் அடுத்த முறை பிடித்தால் பெட்டி திரும்பாது, வண்டியும் சேர்த்துத்தான் என்றார்கள். பெட்டியும் வண்டியும் போனால் நான் என்ன செய்வேன் சார்? மறுபடி அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான்.

சரி, அட்டை வாங்குவோம் என்று போனேன். கணக்கெடுப்பு வேலையைப் பார்க்கிறவர் ரெஜினா மேடம். நல்ல மாதிரி. கண்ணாடியை நெற்றிக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு கண்ணாடியைத் தேடுகிற ரகம்.

"எந்த இடத்துல வியாபாரம்ணே?"

"இடம் கிடையாது மேடம். சுத்துறது."

"சுத்துறதுன்னா எங்க சுத்துறது?"

"எல்லா இடத்துலயும்."

"அது சரிண்ணே, எங்க ஆளுங்க வந்து நீங்க வியாபாரம் பண்றதப் பாக்கணும், போட்டோ எடுக்கணும். எங்க வந்து பாக்கறது?"

"நான் வர்ற இடத்துக்கு வரச் சொல்லுங்க."

"நீங்க எங்க வருவீங்க?"

"அது வண்டிய எடுத்தாத்தான் மேடம் தெரியும்."

அவர் கண்ணாடியைக் கீழே இறக்கி என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு மேலே ஏற்றிக்கொண்டார். ஒரு போன் நம்பர் கொடுத்தார். கணக்கெடுக்கிற பெண்ணின் நம்பர்.

அதன் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்வேன். நான் வடக்குத் தெருவில் இருக்கும்போது அந்தப் பெண் பஸ் ஸ்டாண்டில் பூக்காரர்களை எழுதிக்கொண்டிருக்கும். நான் பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தால் அது மீன் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும். மீன் மார்க்கெட்டுக்குப் போனால், "இப்பத்தான்ணே கிளம்புச்சு, உன்னத்தான் தேடுச்சு, வடக்குத் தெருவுல குக்கர்க்காரர் இருக்காராம்னு போயிருக்கு" என்பார்கள். நடமாடும் வியாபாரியை நடமாடிக் கணக்கெடுக்கிறார்கள். இரண்டு பேரும் நடமாடினால் எப்படிச் சந்திப்பது? இதை ஒரு சின்னக் குழந்தை யோசித்தாலும் தெரியுமே. ஆபீசில் யோசிக்கத் தெரியாது.

கடைசியில் ரெஜினா மேடம்தான் சொன்னார். "அண்ணே, நீங்க கொஞ்ச நாள் ஒரு இடத்துல நில்லுங்க. இந்தா, ஆபீஸ் எதுக்கவே புங்கமரம் இருக்கு. அங்க நில்லுங்க. நாங்க வந்து பிடிச்சுக்கறோம்."

நின்றேன். வேறு வழி? அட்டைக்காக நின்றேன் சார். இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அட்டை வாங்குகிற வரைக்கும்தான்.

முதல் இரண்டு நாள் வண்டியைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை. நகராட்சி ஆபீசுக்கு வருகிறவன் எவன் குக்கர் மூடியோடு வருவான்? என் போன்தான் அடித்துக்கொண்டே இருந்தது. "அண்ணே, ஏன்ணே இந்தப் பக்கமே காணோம்? சாதம் வேகலண்ணே." ஒவ்வொரு ஊரிலிருந்தும் இதே பாட்டு. நான் எல்லோரிடமும் சொன்னேன், "நகராட்சி ஆபீஸ் முன்னால நிக்கிறேம்மா, அட்டை வாங்குனதும் வந்துர்றேன்" என்று. அதுதான் நான் செய்த தப்பு.

அடுத்த மனு நாளில் பார்க்கிறேன், மனு கொடுக்க வந்த கூட்டத்தில் பாதிப் பெண்கள் கையில் மஞ்சப்பை. பைக்குள் மனு ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம். தண்ணீர் வரவில்லை என்று உள்ளே ஒரு மனு, விசில் வரவில்லை என்று வெளியே என்னிடம் ஒரு மனு. ஒருத்தி சொல்கிறாள், "உள்ள குடுத்தது எப்ப நடக்குமோ தெரியல, உங்ககிட்டக் குடுத்தது உடனே நடந்துருது." அதற்கு வரிசையே சிரிக்கிறது. எனக்கு என்ன சிரிப்பு? நான் அங்கே நிற்பதே என் காரியம் நடக்காததால்தானே.

வெயிலில் நிற்கிறார்களே என்று ஒரு மண்பானையில் தண்ணீர் வைத்தேன். அவ்வளவுதான் நான் செய்தது. மனிதாபிமானம். ஸ்டூல் ஜெராக்ஸ் கடைக்காரருடையது. குடை முருகேஸ்வரி கொண்டுவந்தது. "வெயில்ல நின்னா உங்களுக்குத் தலை சுத்தும்" என்றாள். மஸ்கட் வெயிலைப் பார்த்தவனிடம் சொல்கிறாள். அப்புறம் ஒரு தார்ப்பாய். அப்புறம் ஒருநாள் பார்த்தால் மரத்தில் ஒரு போர்டு தொங்குகிறது, 'கோட்டைச்சாமி குக்கர் சர்வீஸ்' என்று. யாரைக் கேட்டு எழுதினாய் என்றேன். "பேரு சரியாத்தான போட்டிருக்கான்?" என்றாள். கேட்டதற்குப் பதிலா இது?

தினமும் மத்தியானம் தூக்குவாளியோடு வந்துவிடுவாள். கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதானே? போக மாட்டாள். அவளும் அங்கேயே ஒரு தட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். ஒருநாள் சொல்கிறாள், "கல்யாணமாகி இத்தன வருஷத்துல நாம மத்தியானச் சாப்பாடு ஒண்ணாச் சாப்பிட்டது இந்த மரத்தடியிலதான் அதிகம், தெரியுமா?" ரோட்டோரத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதில் என்ன பெருமை சார்? லாரி போனால் புழுதி குழம்பில் விழுகிறது. "மூடிச் சாப்பிடு" என்றேன். அதற்கும் சிரித்தாள்.

சாப்பிட்டு முடித்ததும் வாளியைக் கழுவ ஆபீஸ் குழாய்க்குப் போவாள். ரெஜினா மேடமும் அந்த நேரம் கை கழுவ வருவார். இரண்டு பேரும் நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். அப்படி என்னதான் பேசுவார்களோ. குக்கரைப் பற்றித்தான் இருக்கும். மேடம் வீட்டு மூடிக்கும் நான்தான் கேஸ்கட் போட்டுக் கொடுத்தேன்.

ஒருவழியாகக் கணக்கெடுக்கிற பெண் வந்தது. கையில் போன், தலையில் தொப்பி.

"அண்ணே, நிலையானதா, நடமாடுறதா?"

"நடமாடுறது."

அது என்னைப் பார்த்தது. குடையைப் பார்த்தது. தார்ப்பாய், போர்டு, ஸ்டூல் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து பானையில் வந்து நின்றது.

"அண்ணே, தண்ணிப் பானை வச்சிருக்கீங்க."

"அதுக்கென்ன?"

"டம்ளரைச் சங்கிலி போட்டு மரத்துல கட்டியிருக்கீங்க."

"டம்ளர் காணாமப் போகுதும்மா."

"சரிண்ணே. ஸ்டூல்ல உட்காருங்க, நின்னா போர்டு மறைக்குது."

போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டது. நானும் நம்பி இருந்தேன். போன வாரம் அட்டை வந்தது. இதோ பாருங்கள், என் போட்டோ, என் பேர். இதைப் படியுங்கள்: வகை, நிலையான வியாபாரி. இடம், நகராட்சி அலுவலகம் எதிரில், புங்கமரத்தடி. அளவு, ஆறடிக்கு நாலடி. ஊரெல்லாம் சுற்ற அட்டை கேட்டவனுக்கு ஒரு மரத்தடியை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்!

எனக்கு வந்த கோபத்துக்கு நேராக உள்ளே போனேன்.

"என்ன மேடம் இது? நான் கேட்டது நடமாடும் வியாபாரி."

"உட்காருங்கண்ணே."

"நான் உட்காரல. உட்கார வைக்கத்தான் எல்லாரும் பாக்குறீங்க."

அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணே, இந்த அட்டைக்காக எம்புட்டுப் பேரு அலையுறாங்க தெரியுமா? இது உங்க இடம். லாரிக்காரங்க தொட முடியாது. நீங்க பாட்டுக்கு உட்கார்ந்து ஒரு வாய்ச் சோறு நிம்மதியாச் சாப்பிடலாம். பாதிச் சோத்துல யாரும் வந்து எந்திரின்னு சொல்ல முடியாதுண்ணே."

பாதிச் சோற்றில் என்று எப்படிச் சொன்னார்? அப்பா விஷயத்தை நான் அவரிடம் சொன்னதே இல்லை. யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான புதிதில் முருகேஸ்வரியிடம் ஒருமுறை சொன்னேன், அதோடு சரி. இந்த ஆபீசர்கள் ஆள் மனதைப் படிக்க எங்கேயோ பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அதற்கு மயங்கக் கூடாது. "மாத்திக் குடுங்க" என்றேன். "மாத்துறது எங்க கையில இல்ல, மாவட்டத்துல மனுக் குடுக்கணும்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

முருகேஸ்வரி சண்டை போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. காலையில் எழுந்து எலுமிச்சம் சாதம் கட்டிக் கொடுத்தாள். "மாத்திக் குடுத்துட்டா எந்தப் பக்கம் கிளம்புவீங்க?" என்றாள். "எல்லாப் பக்கமும்" என்றேன். "எப்ப வருவீங்க?" என்றாள். இது ஒன்றுதான் அவளுக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி. ஏர்போர்ட்டிலும் இதையேதான் கேட்பாள்.

டிக்கெட்டா? எடுத்துவிட்டேன் சார். நீங்கள்? சரி.

ஒரு நிமிஷம். போன் அடிக்கிறது. அவள்தான்.

என்ன? பஸ்லதான் இருக்கேன். ஊரைத் தாண்டியாச்சு. நீ எங்க இருக்க, ஏன் இம்புட்டுச் சத்தம்? மரத்தடியிலயா? இன்னைக்குத்தான் நான் வரலல்ல, அங்க என்ன வேலை உனக்கு? மனு நாளா? அய்யய்யோ, மறந்தே போனேன். எத்தன பேரு நிக்கிறாங்க? சரி, சரி. உள்மூடியா வெளிமூடியா? திருப்பிப் பாரு. ஓரத்துல மடிப்பு இருக்கா? அப்ப வெளிமூடி. பெட்டியில வலது பக்கக் கொத்து. வலதுன்னா சோத்துக் கை. அது இல்ல, அது மிக்சி ரப்பர்! அதப் போய் குக்கருக்கு மாட்டாதம்மா, அந்தக் குடும்பமே பட்டினி கிடக்கும். பானையில தண்ணி இருக்கா? யார் ஊத்துனது? ம்.

என்னது?

திரும்பச் சொல்லு.

சார், இவள் சொல்வதைக் கேட்டீர்களா? நான் சுற்றுகிற அட்டையாக மாற்றிக்கொள்ள வேண்டுமாம். மரத்தடியை இவள் பேருக்கு எழுதி வாங்கப்போகிறாளாம். ரெஜினா மேடத்திடம் கேட்டுவிட்டாளாம், நான் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால் இவள் கேட்கலாமாம். "நீங்க சுத்துங்க, நான் உட்கார்றேன், எங்க போனாலும் சாப்பாட்டுக்கு எங்க வரணும்னு உங்களுக்குத் தெரியும்ல" என்கிறாள். எப்படி இருக்கிறது பாருங்கள்!

ஏய், முருகேஸ்வரி. அது என் பேருல இருக்கிற இடம். என் போட்டோ இருக்கு அதுல. நான் வெயில்ல நின்னு வாங்குனது. வாங்குன ஈரம் காயல, அதுக்குள்ள உனக்கு எழுதிக் குடுக்கணுமா? வேண்டாம்னு நான் சொன்னேன், சரி. நான் சொன்னா ஆச்சா? மனு இன்னும் என் பையிலதான இருக்கு? நான் என்ன குடுத்துட்டேனா?

இப்ப யாரு அந்த ஸ்டூல்ல உட்கார்ந்திருக்கறது? நீயா? எந்திரி. எந்திரி மொதல்ல. சிரிக்காத. வெளிமூடிக்கும் உள்மூடிக்கும் வித்தியாசம் தெரியாம யாருக்கும் எதையும் மாட்டிவிடாத, எல்லாரையும் இருக்கச் சொல்லு, தண்ணி குடு, நான் வர்றேன். எப்பவா? இந்தா, இப்பவே வர்றேன்.

கண்டக்டர்! அண்ணே, பைபாஸ்ல கொஞ்சம் நிறுத்துங்கண்ணே. டிக்கெட் கடைசி வரைக்கும்தான் எடுத்தேன், பரவாயில்ல, நிறுத்துங்க.

மன்னித்துக்கொள்ளுங்கள் சார், காலை மிதித்துவிட்டேனா? மனு கொடுக்கத்தான் போகிறேன், விட மாட்டேன். இன்னொரு நாள் கொடுப்பேன். இவள் யாருக்காவது தப்பான கேஸ்கட்டைப் போட்டு என் பேரைக் கெடுத்துவிடுவாள், அதனால்தான் இறங்குகிறேன்.

முருகேஸ்வரி, லைன்ல இருக்கியா? கிளையில என் துண்டு தொங்குது பாரு. அத எடுத்து அந்த ஸ்டூல் மேல போட்டு வை. நான் வர்ற வரைக்கும் யாரையும் உட்கார விடாத.